ஜன்னலோர மேஜை

“நாகர்கோவில் வந்தா எங்க சாப்பிடணும்? நீ சொல்ற கடையிலதான் சாப்பிடப் போறேன்.”

“காலையில வடசேரியில புட்டும் பயறும். பதினோரு மணிக்குக் கோட்டாறுல ரசவடை. மத்தியானம் வேப்பமூட்டுப் பக்கம் மீன் சாப்பாடு. சாயங்காலம் செட்டிகுளத்துல பழ பஜ்ஜியும் சாயாவும். ராத்திரிக்கு மணிமேடைகிட்ட பரோட்டாவும் கோழிப் பிரட்டலும்.”

“எல்லாம் ஒரே நாள்லயா?”

“வயிறு இருக்கப்பட்டவங்களுக்கு.”

“சரி, அந்தப் புட்டுக் கடையில நீ எங்க உக்காருவே?”

“ஜன்னல் பக்கம். ரெண்டு பேருக்கான மேஜை ஒண்ணு கிடக்கும். அங்கன இருந்தா ரோடு முழுக்கத் தெரியும்.”

“அப்ப நானும் அங்கதான் உக்காருவேன்.”

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் ஜாஸ்மியும் சஜினும் தொலைபேசியில் பேசிக்கொண்டது இது. பதினான்கு வருடம் ஆகிவிட்டது. சஜினின் குடும்பத்துக்குப் பூர்வீகம் மார்த்தாண்டம் என்றாலும், அவன் பிறந்து வளர்ந்ததெல்லாம் கோயம்புத்தூரில்தான். நாகர்கோவில் அவனுக்கு வெளியூர். கல்யாணத் துணி எடுக்க வரப்போகிறவன், பெண்ணிடம் சாப்பிட நல்ல இடம் கேட்டான். அவள் சொன்ன ஐந்து கடைகளையும் டைரியில் எழுதிக்கொண்டான்.

அந்த ஐந்தில் ஒன்றில்கூட ஜாஸ்மி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பார்வதிபுரத்தில் அவள் வளர்ந்த வீட்டில் ஆண்கள் கடைக்குப் போவார்கள், பெண்களுக்குப் பார்சல் வரும். போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமே வந்ததில்லை, ஏனென்றால் போகலாமா என்று யாரும் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் அப்பாவும் அண்ணன் ஜான்ரோஸும் ஸ்கூட்டரில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். மலையாளப் பத்திரிகையில் மடித்திருந்தால் அது செட்டிகுளத்துப் பழ பஜ்ஜி. வாட்டிய வாழையிலையைச் சணலால் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் மணிமேடைப் பரோட்டா. ரசவடை தூக்குவாளியில் வரும். வீடு வந்து சேர்வதற்குள் வடை ரசத்தையெல்லாம் குடித்துவிட்டு ஊதிப்போய்க் கிடக்கும். புட்டு எப்போதும் உதிர்ந்துதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றால் போதும், எந்தக் கடை என்று ஜாஸ்மி சொல்லிவிடுவாள். அடுப்பில் நிற்கிற ஆள் மாறியிருந்தால் அதையும் சொல்லுவாள். அந்த ஊரின் கடைகளை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த வீட்டில் இல்லை.

ஆனால் எங்கே உட்காருவாய் என்ற கேள்விக்கு அவள் அறிந்த ருசி எதுவும் உதவவில்லை. எம்.ஏ. முடித்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற பெண், உட்கார்ந்ததே இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கத்தில்தான் ஜன்னலும் மேஜையும் வந்து விழுந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மே விடுமுறைக்கும் கிறிஸ்துமஸுக்கும், அண்ணன் வீட்டுக்கு வருவார்கள். வந்த மறுநாளே சஜினும் ஜான்ரோஸும் அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஜாஸ்மி, ஜான்ரோஸின் மனைவி ஓமனா மைனியோடு அடுக்களையில் நிற்பாள். பிறகு பார்சல் வரும். அதே சணல், அதே மலையாளப் பத்திரிகை.

கோயம்புத்தூரில் அவர்கள் ஓட்டலுக்குப் போகாதவர்கள் இல்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிய்த்துக் கொடுத்து, சிந்தியதைத் துடைத்து, அவள் தன் தட்டைப் பார்க்கும்போது சஜின் கை கழுவிவிட்டு வண்டியை எடுக்கப் போயிருப்பான். வீட்டிலும் அவள் எல்லாருக்கும் சோறும் குழம்பும் விளம்பிவிட்டு உட்காரும்போது அவன் எழுந்துவிடுவான். இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்த சாப்பாடு ஏதாவது உண்டா என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்தன்று போட்டோ எடுப்பவர் சொன்னபடி ஒரு வாய் ஊட்டிக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது.

‘ஒரு நாளாவது என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. நாம ரெண்டு பேரும் எதிரெதிரே உக்காந்து சாப்பிடணும்.’ இதை எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். முதல் சில வருடங்கள் பயம், தான் அங்கே உட்கார்ந்ததே இல்லை என்று தெரிந்துவிடுமே என்று; ஜன்னலைப் பற்றி அவன் பேச்செடுக்காததால் அப்படி ஒன்று அங்கே இருக்கும் என்றே நினைத்திருந்தாள். பயம் போன பிறகு ரோஷம் வந்துவிட்டது. என் ஊரில், நான் சொன்ன கடையில் உட்கார நான் எதற்குக் கெஞ்ச வேண்டும்? அப்படியே அதைச் சொல்லாமலே விட்டாள். சஜினோ யாரைப் பார்த்தாலும், “என் பொண்டாட்டி சொன்ன கடை” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த மே மாதம் அவனுடைய அலுவலகத்து நண்பர்கள் நாலு குடும்பமாகக் கன்னியாகுமரி பார்க்கக் கிளம்பினார்கள். சஜின் அந்தப் பட்டியலுக்கு ‘ஜாஸ்மியின் நாகர்கோவில்’ என்று தலைப்புக் கொடுத்து வாட்ஸப்பில் அனுப்பிவைத்தான். மறுநாள் அந்த நண்பர்களில் ஒருவருடைய மனைவி ஜாஸ்மியை அழைத்தாள். கை கழுவுகிற இடம் எங்கே இருக்கும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நீங்க வழக்கமா எங்க உக்காருவீங்க அக்கா?”

ஜாஸ்மியால் இந்தத் தடவை ஜன்னலைச் சொல்ல முடியவில்லை. “பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது.

ஜாஸ்மியும் சஜினும் பிள்ளைகளோடு ஊருக்கு வந்த மறுநாள், சனிக்கிழமை. சஜினும் ஜான்ரோஸும் காலையிலேயே கிளம்பினார்கள். வண்டியைச் சர்வீஸுக்கு விட்டுவிட்டு, மத்தியானம் வேப்பமூட்டில் மீன் சாப்பாடு முடித்து, வரும்போது பார்சல் வாங்கி வருவதாக ஏற்பாடு. பிள்ளைகள் அண்ணன் பிள்ளைகளோடு டி.வி. முன்னால் கிடந்தார்கள். அடுக்களையில் ஓமனா மைனி இரண்டு கிலோ சாளை மீனைச் சட்டியில் கொட்டிவிட்டு, ஜாஸ்மி பக்கம் அருவாமணையை நகர்த்தினாள்.

ஜாஸ்மி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“மைனி, நான் கடையில போய்ச் சாப்பிடப் போறேன். நீங்களும் வாறியளா?”

“ஏட்டி, வீட்டுல சோறில்லையா?”

“சோறு இருக்கு. அதையும் நாமதானே வைக்கணும்.”

ஓமனா சிரித்தாள். மீன் கெட்டுப்போகும், இல்லாவிட்டால் வந்திருப்பேன் என்றாள். நிஜமாகவே வந்திருப்பாள் என்று ஜாஸ்மிக்குத் தோன்றியது, ஏனென்றால் கேட் வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “ரசவடை எனக்கு வாங்கிட்டு வராதே. சூடா அங்கனயே நின்னு தின்னுட்டு, எப்பிடி இருந்துதுன்னு வந்து சொல்லு.”

வடசேரி பஸ் நிலையத்தில் இறங்கி, காய்கறிச் சந்தை நெரிசலைத் தாண்டி ஜாஸ்மி அந்தப் புட்டுக் கடையைக் கண்டுபிடித்தாள். பெயர்ப்பலகை இல்லை, வாசனை இருந்தது. உள்ளே காலெடுத்து வைத்ததும், தோளில் துண்டு போட்ட விளம்புகிறவர் ஒரு திரையைக் கைகாட்டினார்.

“ஃபேமிலி ரூம் பின்னால இருக்கு. அங்கன இரிங்க.”

அவள் போய்த் திரையை விலக்கிப் பார்த்தாள். மூன்றடுக்கு முட்டைத் தட்டு, ஒரு காலி சிலிண்டர், உடைந்த நாற்காலி ஒன்றின்மேல் கவிழ்த்து வைத்த உடையாத நாற்காலி. திரும்பி வந்து, முன்னால் சுவரை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த ஒருவர் தன் சாயா கிளாஸைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“அக்கா, லேடீஸ்னா உள்ளதான் வழக்கம்.”

“உள்ள முட்டைதான் இருக்கு.”

“அது ஃபேமிலி ரூமாக்கும்.”

“எனக்கு ஃபேமிலி ரூம் வேண்டாம். புட்டு போதும்.”

அவர் திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு இலையைப் போட்டார். மூங்கில் குழலிலிருந்து புட்டு அப்படியே உருளையாக, ஆவி பறக்க, இலையில் வந்து இறங்கியது. மேலே பயறு, பக்கத்தில் பப்படம், ஒரு சிறிய மட்டி வாழைப்பழம். நாற்பது வயதில்தான் ஜாஸ்மி அந்தக் கடைப் புட்டை உடையாமல் பார்க்கிறாள். விரலால் தொட்டதும் தேங்காய்ப்பூவும் மாவுமாக அது தானாகப் பிரிந்தது. முதல் வாயிலேயே கண் கலங்கிவிட்டது. சூடு, அதுதான் காரணம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பாதி சாப்பிட்ட பிறகுதான் தலையைத் தூக்கி ஜன்னலைத் தேடினாள்.

ஜன்னல் இல்லை. மூன்று பக்கம் சுவர். ரோட்டுப் பக்கம் சுவரே இல்லை, சுருட்டி ஏற்றிய ஷட்டர்தான். ரோடு முழுக்கத் தெரிந்தது உண்மை, ஆனால் தெரிந்ததற்குக் காரணம் ஜன்னல் இல்லை. முன்பு ஏதாவது ஜன்னல் இருந்து இடித்துவிட்டார்களா என்று கேட்டாள்.

“நாப்பது வருசமா இப்பிடியேதான் இருக்கு. சுவரே கிடையாத பக்கத்துல ஜன்னலுக்கு எங்க போவ?” என்றார் விளம்புகிறவர். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல, முன்பும் யாரோ ஒரு ஆள் இதையே கேட்டது உண்டு என்றார். ரொம்ப வருசம் முன்னாடி. வெளியூர்க்காரர்.

அது சஜின்தான். அப்படியானால் அவனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அவள் இங்கே வந்ததே இல்லை என்று தெரிந்துகொண்டு, பதினான்கு வருடமாக இதே கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அவளுக்கு உதிர்ந்த புட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. கட்டில் இருக்கிறது, தலையணை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள்ளலாம். பட்டியலில் இன்னும் நாலு கடை மிச்சம் இருந்தன. அவள் மட்டிப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டுக் கோட்டாறு பஸ்ஸில் ஏறினாள்.

ரசவடைக் கடையில் உட்காரவே இடம் கிடையாது. அரிசி மண்டிகளில் மூட்டை தூக்குகிறவர்கள் நின்றுகொண்டு தின்றார்கள். அவளும் அவர்களோடு நின்று தின்றாள். எண்ணெயிலிருந்து எடுத்த வடை கொதிக்கிற ரசத்தில் விழுந்த உடனே கரண்டியில் அள்ளிக் கொடுத்தார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்தது. ஓமனா மைனிக்குச் சொல்வதற்காக அதை இரண்டு தடவை கவனமாகத் தின்றாள்.

ஒரு மணிக்கு வேப்பமூட்டுச் சாப்பாட்டுக் கடையில் இருந்தாள். கல்லாவில் இருந்தவர், மாடியில் ஃபேமிலி ஹால் ஏசி என்று பணிவாகத்தான் சொன்னார். கீழேயே போதும் என்று அவளும் பணிவாகச் சொன்னாள். சரியாக நடுவில், கை கழுவப் போகிறவர்கள் எல்லாரும் உரசிக்கொண்டு போகிற இடத்தில், இரண்டு பேருக்கான மேஜை ஒன்று கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். இலை விழுந்தது. முட்டைக்கோஸ் துவரன், அவியல், மாங்காய் ஊறுகாய், பப்படம். மீன் குழம்பு வருவதற்கு முன்னால் வாசலில் ஜான்ரோஸின் குரல் கேட்டது.

முதலில் பார்த்தவன் ஜான்ரோஸ்தான். பின்னால் வந்த சஜின் அவன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றான்.

“ஏட்டி ஜாஸ்மி, நீ இங்கன என்ன செய்ய?”

“சாப்பிட வந்தேன் அண்ணே.”

“மைனிகூட சண்டையா?”

“மைனி சாளைகூட சண்டை போட்டுட்டு இருக்காவ. எனக்கு யார்கிட்டயும் சண்டை இல்ல.”

ஜான்ரோஸ் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினான். மாடியில் ஏசி இருக்கிறதாம், மேலே போனால் அவர்களும் கூட வருவார்களாம். இப்படி வழியில் உட்கார்ந்துகொண்டு... “நாலு பேர் பாக்க மாதிரி எதுக்கு மக்கா?”

“நாலு இல்ல, பதினேழு பேர் இருக்கு. எண்ணிட்டேன். எல்லாவனும் அவனவன் இலையைத்தான் பாக்கான். என்னைப் பாக்கது நீ மட்டும்தான்.”

அடுத்த மேஜையில் ரசம் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. ஜான்ரோஸ் அவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், பிறகு கடையின் ஓரத்தில் வேறு மேஜை காலியாகிறதா என்று பார்க்கப் போனான்.

சஜின் அங்கேயே நின்றான். ஜாஸ்மி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வடசேரிக்குப் போயிட்டு வந்தேன். ஜன்னல் இல்ல.”

அவன் முகம் மாறியது. என்ன ஜன்னல் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஒரு நேர்மைக்காக அவளுடைய கோபம் ஒரு அங்குலம் இறங்கியது, அதற்குமேல் இறங்கவில்லை.

“எப்பம் தெரியும்?”

“துணி எடுக்க வந்த அன்னைக்கே. கடைக்காரர்கிட்ட கேட்டேன், சிரிச்சார்.”

“பின்ன ஏன் என்கிட்ட கேக்கல?”

கேட்டால் அவள் கூசிப்போய்விடுவாள் என்று நினைத்தானாம். என்றைக்காவது அவளே சொல்லுவாள், சொன்ன அன்றைக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று இருந்தானாம். சொல்லிக்கொண்டே வந்தவன், தன் குரலைத் தானே கேட்டவன்போலப் பாதியில் நிறுத்தினான்.

“பதினாலு வருசமா நான் கூசுவேன்னா நெனச்சிய?” என்றாள் ஜாஸ்மி.

கை கழுவப் போன ஒருவர் சஜினை விலக்கிக்கொண்டு போனார்.

“முதல் ரெண்டு வருஷம் அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் அதுவே சவுகரியமா போச்சு. நாங்க பாட்டுக்கு வருவோம், சாப்பிடுவோம், பார்சல் வாங்குவோம். நீ கேக்கல, நானும் நெனச்சுப் பாக்கல.”

அவள் வேறு பதிலுக்குத் தயாராக இருந்தாள். அவன் சமாளிப்பான், சிரிப்பான், உனக்காகத்தான் என்பான் என்று எதிர்பார்த்து, அதற்கெல்லாம் பஸ்ஸிலேயே பதில் தேடி வைத்திருந்தாள். பப்படத்தை உடைத்தாள்.

“பொய் சொன்னது நான். அதுக்கு இத்தனை வருசம் பயந்தது போதும். அடுத்த வாரம் வாறவங்ககிட்ட நானே சொல்லிக்கிடுவேன். புட்டுக் கடையில திரைக்குப் பின்னால போகாதீங்க, முட்டைதான் இருக்கு. முன்னால உக்காருங்க. கோட்டாறுல நின்னுதான் தின்னணும், வெட்கப்படாதீங்க. வேப்பமூட்டுல மாடிக்கு ஏறாதீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இனி எனக்குப் பார்சல் வேண்டாம். இந்த ஊர்ல எனக்காக யாரும் ஒரு பொட்டலம் கட்டிட்டு வரப்பிடாது.”

“சரி” என்றான் சஜின்.

“சரின்னு நின்னா?”

மீன் குழம்பு வாளியோடு வந்தவர் அவளுடைய சோற்றில் குழி செய்து ஊற்றினார். தேங்காயும் புளியும் கலந்து வாசம் எழுந்தது. அவர் சஜினைப் பார்த்தார், எதிரே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்தார், இன்னொரு இலை போடட்டுமா என்று பொதுவாகக் கேட்டார். அதே நேரம் ஓரத்து மேஜையிலிருந்து ஜான்ரோஸ் கையைத் தூக்கினான்.

“மாப்ள, இடம் கிடைச்சாச்சு, வாரும். அவ சாப்பிட்டுட்டு வரட்டு.”

சஜின் அந்தப் பக்கம் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். பதினான்கு வருடப் பழக்கம் அவன் காலில் இருந்தது ஜாஸ்மிக்குத் தெரிந்தது. அவன் போய்விட்டால் அவள் இந்தச் சாப்பாட்டைத் தனியாகவே முடிப்பாள். நன்றாகவே சாப்பிடுவாள். அது இன்றைக்குக் காலையிலிருந்து அவளுக்கு உறுதியாகியிருந்தது. அதனாலேயே இப்போது கேட்க முடியும் என்று தோன்றியது.

மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தில் ‘கூட்டிட்டுப் போங்க’ என்ற பாதி இனித் தேவைப்படவில்லை. அவளே பஸ் ஏறி வந்துவிட்டாள். மற்றப் பாதி அப்படியே இருந்தது. அவள் வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள். ஓரத்து மேஜை வரைக்கும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

“எனக்கு எதிர்ல உக்காருங்க. நான் சாப்பிட்டு முடிக்கது வரைக்கும் எழும்பாம, என்கூட சாப்பிடுங்க.”